பழகின மலைக்குப் பையில் எவ்வளவு? வடசென்னையிலிருந்து ட்ரெக்கிங் போகிறவர்களின் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், மாதவரம் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி ஆந்திரப் பக்கத்து நாகலாபுரம், தடா, நம் பக்கத்துக் குடியம் என்று போய்வருகிறவர்களுக்காக எழுதியது இது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை. கொடுத்த லிஸ்ட்டில் இருப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். பலமுறை போய்வந்தவர்கள்தான் வாதாடுவார்கள். கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி அவர்களுடையவை.

கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ட்டு வந்துடுவேன்ணா. அந்த இடத்துக்கு எதுக்கு இத்தனை சாமான்?

வழி தெரிந்தவர் வழி தவறமாட்டார். அவ்வளவுதான் அந்தப் பழக்கம் தரும் லாபம். நாகலாபுரத்து ஓடையில் கிடப்பவை நகரி மலைத்தொடரின் குவார்ட்சைட் பாறைகள். காய்ந்திருக்கும்போது செருப்பு நன்றாகப் பிடிக்கும். நனைந்து பாசி ஏறிவிட்டால் எந்தச் செருப்பும் நிற்காது. வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்த பிறகு, அந்த இடத்துக்கு எத்தனை முறை வந்திருக்கிறோம் என்ற கணக்கு எதற்கும் உதவாது.

அதனால் நாங்கள் கணக்குப் போடுவது வேறு மாதிரி. அன்றைய வழியில் ரோட்டிலிருந்து மிகத் தள்ளி இருக்கிற இடம் எது? அங்கே ஒருவரால் நடக்க முடியாமல் போனால், வண்டி வந்து நிற்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுவர எவ்வளவு நேரமாகும்? அந்த நேரத்தைத் தாக்குப்பிடிக்கிற அளவுக்குப் பையில் இருந்தால் போதும்.

நாகலாபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் ஏறிப் போகிற ஓடை. அதே வழியில் ஒரு ஆளைத் தூக்கிவர ஆறு பேராவது வேண்டும். பாறைக்குப் பாறை உட்கார்ந்து, கைமாற்றி, இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்க வேண்டும். மூன்று மணி நேர வழிக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், ஓடையில் குளிக்கிற குட்டைப் பக்கம் யாராவது விழுந்தால் அன்று ராத்திரி ஓடையில்தான். அப்படியானால் வெளிச்சம், குடிக்கத் தண்ணீர், ஈரம் படாமல் போர்த்த ஏதாவது ஒன்று, கட்டுப்போட ஏதாவது ஒன்று என நான்கும் இருந்தாக வேண்டும்.

பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியம் குகை அப்படியில்லை. பெரிய ஏற்றமில்லாத காட்டுப் பாதை, தூரமும் குறைவு. நான்கு பேர் இருந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் கொண்டுவந்துவிடலாம். இரண்டு இடமும் உங்களுக்கு ஒரே அளவு பழக்கமாக இருக்கலாம். பை மட்டும் ஒரே அளவு இருக்க வேண்டியதில்லை.

சரி, எங்கே போனாலும் எடுக்காமல் போகவே கூடாது என்றால் எதைச் சொல்வீர்கள்?

தலையில் மாட்டும் டார்ச், விசில், பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ், கொஞ்சம் பிளாஸ்டரும் காஸ் துணியும், பொவிடோன் அயோடின் களிம்பு, பாரசிட்டமால், அலர்ஜிக்குச் செட்டிரிசின். அவரவர் அன்றாடம் போடும் மாத்திரை, வீசிங் உள்ளவருக்கு இன்ஹேலர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவருக்குச் சாக்லேட் அல்லது சர்க்கரை. பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய சீட்டு பாலித்தீன் உறைக்குள். எல்லாம் சேர்ந்து அரை கிலோவை ஒட்டி நிற்கும். இதைத் தனிப் பவுச்சில் போட்டு, எந்தப் பையை எடுத்தாலும் அதற்குள் மாற்றிவிடுங்கள். வீட்டில் வைத்துவிட்டு வருவதற்கு வழியே இருக்கக் கூடாது.

குப்பைப் பையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சென்னைக்காரனுக்கு ஏது குளிர் என்பார்கள். குளித்து நனைந்த உடம்போடு, அசைய முடியாமல், மார்கழி ராத்திரியில் பாறை மேல் படுத்திருப்பவருக்கு 20 டிகிரியே போதும், உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். பையின் மூலையில் தலை நுழைகிற அளவு ஓட்டை போட்டு மாட்டிவிட்டால் ஈரமும் காற்றும் நிற்கும். உள்ளே சருகு நிரப்பினால் அடியில் போடும் மெத்தை. மழை வந்தால் ரெயின் கோட்.

இதோடு பழைய பருத்தி வேட்டியில் பாதி. முக்கோணமாக மடித்தால் கையைத் தொங்கவிடும் கட்டு, கிழித்தால் உடைந்த காலோடு குச்சி வைத்துக் கட்டும் நாடா, நனைத்தால் வெயிலுக்குத் தலைப்போர்வை. முதலுதவிப் பெட்டி என்று கடையில் விற்பதில் பாதி சாமான் இந்த ஒரு துணிக்கு ஈடாகாது. ரத்தம் அதிகம் போகிற காயத்தை அழுத்திப் பிடிக்க சானிட்டரி நாப்கின் நல்லது. ஆண்களும் இரண்டு வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

செல்லிலேயே டார்ச் இருக்குதே?

இருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். பாறை இறங்க இரண்டு கையும் வேண்டும். கை தவறினால் டார்ச்சும் போனும் சேர்ந்து தண்ணீருக்குள். பேட்டரி இறங்கிவிட்டால், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிய பிறகு யாரையும் கூப்பிட முடியாது.

டிசம்பரில் நமக்குச் சூரியன் மறைவது மாலை 5.45-ஐ ஒட்டி. ஜூனில் 6.35 ஆகிவிடும். மறைந்தபின் இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் முழு இருட்டு. இருபக்கமும் மலைச்சுவர் உள்ள பள்ளத்தாக்கில் அதற்கு ரொம்ப முன்னாடியே மங்கிவிடும். மார்கழியில் மூன்று மணிக்கு மேல் மேலே போகக் கூடாது என்று நாங்கள் வைத்திருப்பது அதனால்தான். டார்ச்சுக்கு மாற்று பேட்டரியும் சேர்த்துத்தான் டார்ச் என்று கணக்கு.

எவ்வளவு தண்ணீர்? ஓடையிலேயே தண்ணீர் இருக்கும்போது வீட்டிலிருந்து தூக்கிப் போவானேன்?

நல்ல வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை உடம்பு கேட்கும். தை மாதத்துக் குடியத்துக்கு இரண்டு லிட்டர் போதும். பங்குனியில் நாகலாபுரம் என்றால் மூன்றுக்குக் குறையாமல். பையின் கனம் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். பாதுகாப்புச் சாமான் கனக்கிறது என்று புலம்புகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஓடைத் தண்ணீரை நம்பி அளவைக் குறைக்காதீர்கள். மேலே மாடு மேய்கிறது, ஆட்கள் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள், எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அந்தத் தண்ணீரில்தான் வரும். அவசரத்துக்குக் குளோரின் மாத்திரை இரண்டு இருக்கட்டும்.

குளுக்கோஸ் பொடி மட்டும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வியர்வையில் போவது உப்பும்தான், சர்க்கரை மட்டும் அதைத் திருப்பித் தராது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் முழு ஒரு லிட்டரில், மொத்தமாகக் கலக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கெட்டியாகக் குடித்தால் தாகம் கூடும், வயிறு கெடும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

வெயிலில் ஒருவர் தள்ளாடுகிறார், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அது வெப்ப வாதமாக இருக்கலாம், உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் பிறகு. நிழலில் கிடத்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, ஈரத் துணி போட்டு விசிற வேண்டும். ஓடைக்குப் பக்கம் என்றால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் இருத்தலாம். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் நாங்கள் போவதில்லை. அந்த வெயிலுக்கு எந்தச் சாமானும் ஈடு கொடுக்காது.

நாங்க காசிமேட்டுப் பசங்கணா, கடல்லயே நீந்துறோம். குட்டையில குளிக்க எதுக்குக் கயிறும் கேனும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நாகலாபுரத்திலும் தடா பக்கத்து உப்பலமடுகு அருவியிலும் உயிர் போன செய்தி வரும்போதெல்லாம் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். பாம்பும் புலியும் இல்லை.

உப்புத் தண்ணீர் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே மிதக்கவிடும், குட்டைத் தண்ணீர் அப்படியில்லை. கடற்கரையில் அலை தள்ளிக்கொண்டு வந்து மணலில் விடும் நேரமும் உண்டு. குட்டையில் சுற்றிலும் செங்குத்தான வழுக்குப் பாறை. களைத்துப்போன கையால் அதைப் பிடித்து ஏற முடியாது, நீச்சல் தெரிந்தவரும் அங்கேதான் திணறுகிறார். இன்னொன்று, ஒவ்வொரு மழைக்காலமும் ஓடை அடிமட்டத்தைக் கலைத்துப் போடுகிறது. போன வருஷம் ஆளுயரத்துக்கு மேல் இருந்த இடத்தில் இப்போது மணல் மேடிட்டு, நடுவில் ஒரு பாறையும் உருண்டு வந்து கிடக்கலாம். பழகின குட்டை என்று தலைகீழாகக் குதிப்பவர் குதிப்பது போன வருஷத்துக் குட்டையில். அதனால் எங்கள் கூட்டத்தில் குதிப்பது கிடையாது, யாராக இருந்தாலும். சரக்குப் பாட்டில் கொண்டுவந்தவரை ஊத்துக்கோட்டையிலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிடுவோம். இதில் சண்டை வந்தாலும் பரவாயில்லை.

சாவு பெரும்பாலும் ஒருவரோடு நிற்பதில்லை. முதலில் ஒருவர் மூழ்குகிறார், காப்பாற்றக் குதித்தவரை அவர் கட்டிப்பிடிக்கிறார், இரண்டு பேரும் போகிறார்கள். கயிறு எதற்கு என்றால், இரண்டாவது ஆள் தண்ணீரில் இறங்காமல் இருப்பதற்கு.

கயிறு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துறைமுகத்துக் கடையில் கேட்டால் எடுத்துப்போடுவார்கள். மிதக்கிற பாலிபுரோப்பிலீன் கயிறு, 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 15 மீட்டர் போதும். நைலான் வேண்டாம், மூழ்கும். நுனியை ஐந்து லிட்டர் தண்ணீர் கேனின் கைப்பிடியில் கட்டுங்கள். கேன் போகும்போது குடிநீர், குட்டைக்கு வந்து சேர்கையில் காலியாகியிருக்கும். வீசுவதற்குக் கனம் வேண்டும் என்பதால் இரண்டு டம்ளர் தண்ணீரை உள்ளே விட்டு மூடியை இறுக்குங்கள். காலி கேன் ஏறத்தாழ ஐந்து கிலோ அளவுக்குத் தூக்கிப்பிடிக்கும். தண்ணீரில் இருப்பவருக்கு மூக்கும் வாயும் வெளியே நிற்க அதுவே போதும். ஆளைத் தாண்டி வீசி, கயிறு அவர் கைக்கு எட்டும்படி இழுக்க வேண்டும். வீசுபவர் பாறையில் படுத்தோ உட்கார்ந்தோ பிடிக்க வேண்டும். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. வீட்டு மாடியிலோ தெருவிலோ நாலு தடவை வீசிப் பாருங்கள், முதல் தடவை யாருக்கும் நேராகப் போகாது.

வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று மாற்றி மாற்றி. வயிற்றை அமுக்குவது, தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவது எல்லாம் நேரத்தைக் கொல்லும் வேலை. பிழைத்து எழுந்து உட்கார்ந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

அதே கயிற்றைப் பிடித்து அருவிப் பாறையில் ஏறலாமா என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. பாறை விளிம்பில் உரசினால் சூட்டில் இளகும், முடிச்சும் நழுவும். அது தண்ணீருக்கான கயிறு. நீச்சல் தெரியாதவர்களும் பிள்ளைகளும் வந்தால் லைஃப் ஜாக்கெட்டே எடுத்துவிடுங்கள். கனமில்லை, இடம்தான் அடைக்கும்.

பாம்பு கடித்தால்? அதற்கு என்று கிட் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். உறிஞ்சும் பம்பு, கீறும் பிளேடு, இறுக்கும் ரப்பர் மூன்றுமே கெடுதல்தான். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு, கட்டு விரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்த முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1978-லிருந்து நடக்கிறது, நம் ஊருக்குத் தெற்கே இரண்டு மணி நேரத்தில். ஆனால் அந்த மருந்தை நாம் பையில் கொண்டுபோக முடியாது. ஊசி மூலம் ரத்தக்குழாயில் ஏற்றணும், ஒவ்வாமை வந்தால் பார்க்க மருத்துவர் பக்கத்தில் இருக்கணும்.

நம்மால் ஆவது: மோதிரம், கொலுசு, வாட்ச்சைக் கழற்றுவது, கடித்த காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் குச்சி வைத்து அசையாமல் கட்டுவது, நடக்கவிடாமல் தூக்கிவருவது, 108-க்கு அழைப்பது. வேட்டித் துணி இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கே ஓட்டிவிடலாம் என்று இரண்டு மணி நேரம் வண்டியில் உட்காராதீர்கள், மருந்து இருக்கிற முதல் அரசு மருத்துவமனைதான் சரி. பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம்.

கடி வாங்காமல் இருக்க ஷூ, நீள பேன்ட், புதரைத் தட்ட ஒரு குச்சி, இருட்டில் டார்ச். கையை விடும் பொந்தைப் பார்த்துவிட்டுக் கை விடுவது.

மலைத்தேனீ?

செங்குத்துப் பாறையில் அடை தொங்கினால் அடியில் சத்தம், புகை, சென்ட் மூன்றும் கூடாது. கிளம்பிவிட்டால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுவதுதான், நின்று கையால் தட்டாதீர்கள். கொடுக்கை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, நகத்தால் வழித்தாலும் சரி. மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் செட்டிரிசினை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு இறக்குங்கள்.

பையில் வைக்கிறதெல்லாம் சொன்னீங்க. பைக்ல போறதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து எந்த மலைக்கும் கண்டெய்னர் லாரிகளோடுதான் போக வேண்டும். மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளிக்குப் போகும் டிரெய்லர்கள் மாதவரம் உள்வட்டச் சாலையிலும் பொன்னேரி ரோட்டிலும் ராத்திரி முழுக்க ஓடுகின்றன. விடிகாலை நாலு மணிக்கு, தூக்கம் கலையாமல், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு அவற்றுக்கு நடுவே போகிறோம். சாயங்காலம் பன்னிரண்டு மணி நேரம் நடந்த உடம்போடு அதே ரோட்டில் திரும்புகிறோம். அன்றைய நாளில் மிக ஆபத்தான இடம் மலையில் இல்லை என்பது என் எண்ணம்.

ஆகவே பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். பின்பக்கப் பையில் ஒளி திருப்பும் பட்டை. திரும்பும்போது ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து தூங்கி எழுவது. தடா போக வேண்டுமென்றால் ரயில் இருக்கிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் அதே பாதையில் சூலூர்பேட்டை வண்டி தடாவில் நிற்கும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். ஹெல்மெட்டைக் காட்டுக்குள் தூக்கிச் சுமக்கிற வேலையும் மிச்சம்.

எட்டு பேர் போகிறோம். எட்டு பேரும் எல்லாம் தூக்க வேண்டுமா?

டார்ச், விசில், தண்ணீர், குப்பைப் பை, சொந்த மாத்திரை இவை ஆளுக்கு ஒன்று. கூட்டத்திலிருந்து பிரிந்து போனவர் கையில் இருக்க வேண்டியவை அவை. கயிறு, கேன், பெரிய முதலுதவிப் பை, பவர் பேங்க், தார்ப்பாய் எல்லாம் கூட்டத்துக்கு ஒன்று. தார்ப்பாயை இரண்டு கம்பில் சுருட்டினால் ஸ்ட்ரெச்சர்.

ஆனால் கூட்டச் சாமான் யாரிடம் இருக்கிறது என்று எட்டு பேருக்கும் தெரிய வேண்டும், அவர் கடைசி ஆளாக நடக்க வேண்டும். முன்னால் வேகமாகப் போகிறவர் முதுகில் முதலுதவிப் பை இருந்தால், பின்னால் விழுந்தவருக்கு அது இல்லாத மாதிரிதான். கிளம்புமுன் பார்க்கிங்கில் இரண்டு நிமிஷம் நின்று, கயிறு யாரிடம், மருந்து யாரிடம் என்று உரக்கக் கேட்டுவிடுங்கள். "நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்" என்பது மலை மேல் கேட்கக் கூடாத வசனம்.

வனத்துறை வழிகாட்டி கூட வருகிறார். அப்போதும் நான் தூக்க வேண்டுமா?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட ட்ரெக்கிங்காரர்கள் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, முன்பதிவு, வழிகாட்டி என்று ஒழுங்கு செய்தது. நமக்குப் பக்கத்துக் குடியமும் அதில் ஒன்று.

வழிகாட்டிக்குக் காடு தெரியும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தெரியும். உங்கள் வீசிங் பற்றி அவருக்குத் தெரியாது, உங்கள் இன்ஹேலர் அவரிடம் இருக்காது. கூட்டச் சாமானில் சிலவற்றைக் குறைக்கலாம், ஆளுக்கு ஒன்று என்று சொன்னதைக் குறைக்க முடியாது.

குரங்கணியை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்த புல்லில் தீ ஏறி வரும்போது பையில் இருக்கும் எதுவும் உதவாது. கோடையில் வனத்துறை பாதையை மூடினால், வேறு பக்கமாகப் போய் ஏறிவிடலாம் என்று வழி தேடாதீர்கள். ஆந்திரப் பக்கத்து மலைகளுக்கும் இதே பேச்சுதான்.

மழைக்காலத்தில் அருவி நன்றாக இருக்குமே. கூடுதலாக என்ன எடுக்கலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று அறிவிப்பு வந்த வாரம் போகாதீர்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் சாமானைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடையின் அக்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும், கயிறு கட்டிக் கடக்கிற சாகசம் வேண்டாம். காத்திருப்பதற்குத்தான் குப்பைப் பையும் கூடுதல் பிஸ்கட்டும்.

மழை விட்டு இரண்டு வாரம் கழித்து, மார்கழி, தையில் போனால் அருவியும் இருக்கும், வெயிலும் தாங்கும்.

மழைக்குப் பிறகு புதர் வழியாக நடந்து வந்து, ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் அடித்தால், உடம்பில் எங்காவது சிகரெட் சூடு போட்ட மாதிரி கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார். சரியான மருந்து கொடுத்தால் சீக்கிரம் கேட்கும்.

பழவேற்காடு கடற்கரை நடைக்கு?

தொப்பி, தண்ணீர், செருப்பு. நிழலே கிடையாது. முகத்துவாரத்தை நடந்து கடக்க முயலாதீர்கள், ஓதம் மாறும்போது இழுப்பு பலமாக இருக்கும்.

எங்கே போறோம்னு வீட்டுல சொன்னா விடமாட்டாங்க. சொல்லாம போனா என்ன?

கனமே இல்லாத பாதுகாப்புச் சாமான் அது ஒன்றுதான், அதைப் போய் விட்டுவிட்டுப் போகிறீர்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடையாது. நீங்கள் திரும்பவில்லை என்று யாருக்காவது தெரிந்தால்தான் தேடி வருவார்கள்.

வீட்டில் முடியாவிட்டால் ஒரு நண்பனிடம் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு, வண்டி எங்கே நிற்கும், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு அவர் 112-க்கும் அங்குள்ள காவல் நிலையத்துக்கும் பேச வேண்டும். கடைசி இரண்டும்தான் முக்கியம். நேரம் குறிக்காமல் "சாயங்காலம் வந்துடுவோம்" என்று சொன்னால், அவர் ராத்திரி பத்து மணிவரை டிராஃபிக் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் தெலுங்கில் பேச வேண்டியிருக்கும். நம் வடசென்னையில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டாலே போதும்.

தனியாகப் போகலாமா?

குடியம் போன்ற இடத்துக்கே அனுமதியும் துணையும் வேண்டும். ஓடைப் பள்ளத்தாக்குகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேலே போட்ட கணக்கில், தூக்கிவர ஆளில்லாதவருக்கு நேரம் என்று ஒன்றைக் குறிக்கவே முடியாது.

அளவுக்கு மீறி எடுப்பதும் தப்புதானே?

தப்புதான், அதையும் பார்க்கிறோம். 60 லிட்டர் பை, பெரிய வெட்டுக்கத்தி, அடுப்பு, மூன்று பேருக்கான டென்ட், புளூடூத் ஸ்பீக்கர். பத்து கிலோ முதுகில் ஏறினால் பாறைத் தாவலில் நிதானம் போகிறது, வியர்வையும் தண்ணீர்த் தேவையும் கூடுகின்றன, நேரமும் இழுக்கிறது. இருட்டுக்குமுன் திரும்ப முடியாமல் போக அதுவே காரணமாகலாம். கனம் தாங்காமல் பையை வழியில் ஒரு பாறையடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு மேலே போவார்கள். அப்போது உள்ளே எத்தனை சாமான் இருந்து என்ன?

என் அளவுகோல் ஒன்று உண்டு. குட்டையில் இறங்கும் நேரம் தவிர வேறெங்கும் கழற்றத் தோன்றாத பை. ஒருநாள் நடைக்குத் தண்ணீரோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் முதலில் ஸ்பீக்கரை எடுங்கள். பிறகு கத்தி, விரல் நீளம் போதும். பிறகு இரண்டாவது ஜோடி துணி. டார்ச்சில் கை வைக்காதீர்கள்.

எல்லாம் வாங்க ரொம்பச் செலவாகுமே?

பாரிமுனை ஈவ்னிங் பஜார், மூர் மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் டார்ச், விசில், பவுச், தார்ப்பாய் கிடைத்துவிடும். கயிறு காசிமேட்டில். மருந்துச் சாமான் தெருமுனை மெடிக்கல். குப்பைப் பை மளிகைக் கடையில். வேட்டி அப்பாவைக் கேளுங்கள். காசு போட வேண்டியது ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும், அதில் மட்டும் பேரம் பார்த்து மட்டமானதை வாங்காதீர்கள்.

வருஷக்கணக்கா அந்த பவுச்ச தூக்கினு போறேன். ஒரு நாள் கூட திறந்ததில்ல. இன்னும் வேணுமா?

திறந்ததில்லை என்றால் இன்றைக்குத் திறந்து பாருங்கள். நம் ஊர்க் காற்றின் உப்பும் ஈரமும் எதையும் விட்டுவைப்பதில்லை. பேட்டரி கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கல்லாகியிருக்கும். பிளாஸ்டரில் பசை இருக்காது. கிரேப் பேண்டேஜ் இழுவை போய்த் துணியாகியிருக்கும். மாத்திரையின் தேதி முடிந்திருக்கும். தரையில் எல்லாவற்றையும் கொட்டி, கெட்டதை மாற்றி, பேட்டரியைத் தனி உறையில் போட்டு வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, பொங்கல் முடிந்து ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள். டார்ச்சை எரியவிட்டுப் பார்க்காமல் பவுச்சை மூடாதீர்கள்.